இருபது செகண்டில் அம்மச்சி எழுந்து வரமாட்டாள்

2024 ஜூலை 3, புதன்கிழமை காலை. கடைத் திண்ணையில் குடையைச் சாத்திவிட்டு ஓர் அம்மச்சி வந்து நின்றாள். வயது எழுபதை நெருங்கும். தொழிலுறப்பு என்று கேரளத்தில் சொல்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவள். மடியில் சுருட்டி வைத்திருந்த ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்து, “போன மாசம் போட்ட அதே பேக்கைப் போடு மக்களே” என்றாள். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பேக் அப்படியே இருந்தது, விலைதான் அப்படியே இல்லை.

“அம்மச்சி, இன்னையிலிருந்து கூடிப்போச்சு.”

“யாரு கூட்டினா?”

“கம்பெனிக்காரங்க.”

“ஒருத்தனா, எல்லாவனுமா?”

“மூணு பேரும். ரெண்டு பேரு இன்னைக்கு, மத்தவன் நாளைக்கு.”

அவள் கொஞ்ச நேரம் ரூபாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்போ இதக் கேக்க ஆளில்லியா?”

“ஆளுண்டு அம்மச்சி. டெல்லியில.”

“அந்தாளுக்க நம்பர் உண்டா? நாம விளிச்சுப் பாப்போம்.”

சாயாக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் வரை எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை என்று ராத்திரி கணக்கு எழுதும்போதுதான் பட்டது. கேரளத்தில் அந்த வருடம் தொழிலுறப்புக் கூலி நாளுக்கு 346 ரூபாய். நான்கு எட்டு வைத்து அந்தப்பக்கம் போனால், தமிழ்நாட்டில் 319. கூலிக்கு எல்லை உண்டு, ரீசார்ஜுக்கு இல்லை. இரண்டு பக்கத்திலும் விலை ஒன்றுதான்.

என் கடை இருப்பது இஞ்சிவிளையில். பாறசாலை தாண்டி களியக்காவிளைக்குப் போகிற வழியில் கேரளத்தின் கடைசி ஊர். நான் பிறந்தது அந்தப்பக்கம், பளுகலுக்குப் பக்கத்தில். கட்டிக்கொடுத்தது இந்தப்பக்கம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தக் கோட்டை வரைந்தவர்கள் போனைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு லேண்ட்லைன் 0471, அம்மா வீட்டில் 04651. நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு எஸ்.டி.டி. அடித்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது.

செல்போன் வந்தபிறகு கூத்து இன்னும் பெரிதானது. தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை இந்தியா 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நாடு. கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம். கடையின் பின்படியில் நின்றால் கேரள டவர் கிடைக்கும். முன்பக்கம் ரோட்டோரத்துக்கு வந்தால் போனின் தலையில் தமிழ்நாடு என்று எழுத்து ஓடும். போன் ரோமிங்கில் போய்விட்டது என்று அர்த்தம். வெளியூர் போனவனுக்குத்தானே ரோமிங்? எங்களுக்கோ சொந்தத் திண்ணையில் உட்கார்ந்தபடியே வெளியூர். வருகிற காலை எடுத்தாலும் பைசா போகும். ஒரு நிமிடத்துக்கு 1.75 ரூபாய் வரை வாங்கலாம் என்று ஒரு காலத்தில் உச்சவரம்பு இருந்தது. 2013இல் அதை 75 பைசாவாகவும், 2015 மே முதல் 45 பைசாவாகவும் குறைத்தது டெல்லியில் இருக்கிற அந்த ஆள்.

அந்த ஆளின் பெயர் டிராய். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்பது முழுப்பெயர். 1997இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்புவரை போன் என்றால் அரசாங்கம் மட்டும்தான். லைன் இழுப்பதும் அதுவே, கட்டணம் வைப்பதும் அதுவே, கேள்வி கேட்டால் பதில் சொல்வதும் அதுவே. தனியார் கம்பெனிகளை உள்ளே விட்டபிறகு, ஆட்டக்காரனே அம்பயராகவும் இருக்க முடியாது என்றுதான் இப்படி ஒரு தனி ஆணையத்தை வைத்தார்கள். கம்பெனிக்கும் கம்பெனிக்கும், கம்பெனிக்கும் நமக்கும், கம்பெனிக்கும் அரசுக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள்.

மூன்றாவது வருடமே அந்த அம்பயரின் கையிலிருந்து விசிலை வாங்கிவிட்டார்கள். முதல் தலைவர் நீதிபதி எஸ்.எஸ்.சோதி. அவர் காலத்தில் ஆணையம் அரசின் தொலைத்தொடர்புத் துறையோடு மோதிக்கொண்டே இருந்தது. 2000 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் வந்து ஆணையத்தையே கலைத்துப் புதிதாக அமைத்தது. வழக்கு விசாரிக்கும் அதிகாரம் டி.டி.சாட் என்ற தனித் தீர்ப்பாயத்துக்குப் போனது. பழைய சட்டத்தின் 25ஆம் பிரிவோ அப்படியே நின்றது: கொள்கை விஷயத்தில் மத்திய அரசு சொல்வதற்கு ஆணையம் கட்டுப்பட வேண்டும், எது கொள்கை என்பதையும் அரசே முடிவு செய்யும். ஆக, ஆள் உண்டு. அந்த ஆளுக்கும் மேலே ஓர் ஆள் உண்டு.

ரோமிங் தொல்லை கடைசியில் எப்படித் தீர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆணையம் வரம்பைக் குறைத்ததால் மட்டும் அது தீரவில்லை. 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் இன்கமிங்கை இலவசமாக்கியது. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது. ரோமிங் கிடையாது, கால் இலவசம், டிசம்பர் 31 வரை டேட்டாவும் இலவசம் என்றார்கள். பிறகு அதை 2017 மார்ச் 31 வரை நீட்டினார்கள். ஏர்டெலும் 2017 ஏப்ரல் முதல் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டது. அன்றுதான் என் திண்ணை எனக்குச் சொந்த ஊரானது. ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த அதே கையால் இலவச சிம்மை எடுத்துக்கொடுத்தேன். பொழியூரிலிருந்து கடலுக்குப் போகிற பையன்கள் ஆட்டோ பிடித்து வந்து வாங்கிப் போனார்கள். இதை ஒத்துக்கொள்ளாமல் மேற்கொண்டு குறை பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஆறு மாதத்துக்குச் சாப்பாடு இலவசம் என்று பெரிய முதலாளி ஒருவர் முச்சந்தியில் ஹோட்டல் திறந்தால், தெருவில் இருக்கிற மற்ற ஹோட்டல்கள் என்ன ஆகும்? ஏழாவது மாதம் விலையை யார் முடிவு செய்வார்கள்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பழைய கம்பெனிகள் கேட்கத்தான் செய்தன. இலவசச் சலுகை விதிக்கு முரணானது அல்ல என்றது டிராய். ஏர்டெல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. புதிதாக வந்தவர் சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் ஆகமாட்டார் என்று 2017 ஜூனில் அந்தப் புகாரும் தள்ளுபடி ஆனது.

பழைய கம்பெனிகளும் ஆட்டுக்குட்டிகள் இல்லை. ஜியோவிலிருந்து வருகிற கால்கள் நுழைய அவர்கள் போதுமான வழி திறக்கவில்லை. இங்கிருந்து அங்கே அடித்தால் லைன் கிடைக்காது. அதற்காக ஏர்டெலுக்கு 1,050 கோடி, வோடபோனுக்கு 1,050 கோடி, ஐடியாவுக்கு 950 கோடி அபராதம் போடலாம் என்று 2016 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புத் துறை அந்த அபராதத்தைப் போட்டது ஐந்து வருடம் கழித்து, 2021இல். பரிந்துரைக்கத்தான் டிராய்; முடிவு வேறிடத்தில்.

அதன்பிறகு வந்த தீர்மானங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் பலருக்கும் புருவம் உயர்ந்தது. ஒரு கம்பெனி சிம்மிலிருந்து வேறு கம்பெனி சிம்முக்குப் பேசினால், காலைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு முதல் கம்பெனி இரண்டாவதற்கு நிமிடத்துக்கு 14 பைசா கூலி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. புதிதாக வந்தவரின் ஆட்கள் வெளியே கூப்பிடுவது அதிகம், எனவே அவர் கொடுப்பதும் அதிகம். 2017 அக்டோபர் 1 முதல் அந்தக் கூலியை 6 பைசாவாக்கியது டிராய். புதியவருக்கு மிச்சம், பழையவர்களுக்கு நஷ்டம். உண்மைச் செலவே அவ்வளவுதான் என்பது டிராயின் விளக்கம்.

2018 பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. போட்டியாளரை அழிக்கவென்றே விலையைக் குறைத்தால் ஒரு வட்டத்துக்கு 50 லட்சம் வரை அபராதம் என்று டிராய் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அது யாரைக் கட்டும்? சந்தையில் ‘பெரிய கை’ உள்ளவரை மட்டும். யார் பெரிய கை? முன்பு நான்கு அளவுகோல் இருந்தன: ஆட்கணக்கு, வருமானம், எக்ஸ்சேஞ்சின் கொள்திறன், ஓடுகிற டிராபிக். அதில் கடைசி இரண்டையும் எடுத்துவிட்டு, ஆட்கணக்கிலோ வருமானத்திலோ 30 சதவீதம் இருந்தால்தான் பெரிய கை என்றார்கள். ஜியோவின் டேட்டா ஓட்டம் அப்போதே மற்றவர்களைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கணக்கும் வருமானமும் மட்டும் 30க்குக் கீழே. எங்கள் ஊரில் தேங்காய் விற்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். எண்ணி விற்பதா, எடை போட்டு விற்பதா? எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதிலேயே லாபம் யாருக்கு என்பது முடிந்துவிடும். 2018 டிசம்பரில் டி.டி.சாட் அந்த உத்தரவின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது.

2017இல் நடந்த ஒரு காரியம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. தொலைத்தொடர்புத் துறைச் செயலராக இருந்த ஜே.எஸ்.தீபக், இந்த இலவசச் சலுகைகளால் அரசின் வருமானமும் துறையின் நிலையும் அடிபடுகிறது, மறுபடி யோசியுங்கள் என்று பிப்ரவரி மாதக் கடைசியில் டிராய்க்கு எழுதினார். சில நாட்களில் அவரைப் பதவியிலிருந்து மாற்றினார்கள். பார்சிலோனாவில் ஒரு செல்போன் மாநாட்டில் இருக்கும்போது மாற்றல் உத்தரவு வந்தது. அந்தக் கடிதத்துக்கும் மாற்றலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள். ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கடிதம் எழுதும்முன் இரண்டு தடவை யோசிப்பாரா, மாட்டாரா? அதற்கும் முந்தைய வருடம் ஜியோவின் அறிமுக விளம்பரத்தில் பிரதமரின் முழுப்படம் வந்தது ஞாபகம் இருக்கலாம். அனுமதி கொடுக்கவில்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 500 ரூபாய் வரை. இன்று 84 நாள் பேக் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பில் சொன்ன சங்கதிக்கு வருகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி கொடுக்கும் அந்த 6 பைசாக் கூலியை ஒரேயடியாகப் பூஜ்யமாக்குவதாக டிராய் குறித்த நாள் 2020 ஜனவரி 1. கால்கள் இன்னும் சமன் ஆகவில்லை, கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று 2019 செப்டம்பரில் டிராய் யோசித்தது. ஜியோவுக்கு இது பிடிக்கவில்லை. அக்டோபர் முதல் வேறு கம்பெனிக்குப் பேசினால் வாடிக்கையாளர் நிமிடத்துக்கு 6 பைசா கட்ட வேண்டும் என்று அறிவித்தது. அதோடு பெல் அடிக்கும் நேரத்தையும் குறைத்தார்கள். முன்பு முப்பது, நாற்பது செகண்ட் அடித்துக்கொண்டிருந்தது இருபதுக்கு இறங்கியது. ஏன்? இருபது செகண்டில் எடுக்காவிட்டால் அது மிஸ்டு கால். எதிர்ப்பக்கம் உள்ளவர் திருப்பிக் கூப்பிடுவார். அப்போது கூலி கொடுப்பது எதிர்ப்பக்கத்துக் கம்பெனி. ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களும் 25 செகண்டாக்கினார்கள்.

என் அம்மாவுக்கு இரண்டு முட்டிலும் வலி. போன் இருப்பது முன்னறை மேசையில், அவள் இருப்பது அடுக்களையில். எந்தக் கம்பெனி சிம் என்பதை விடுங்கள். கையைத் துடைத்து, கதவு நிலையைப் பிடித்து எழுந்து, முதல் படி இறங்கும்போது பெல் நின்றுவிடும். “நீ ஏன் இப்பல்லாம் உடனே வைச்சிருதே?” என்று என்னோடு கோபித்துக்கொண்டாள். நான் வைக்கவில்லை அம்மா என்றால் நம்பவில்லை. நாலைந்து பைசாவை மிச்சம் பிடிக்க யாரோ எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றியது, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வார மனஸ்தாபமாக நின்றது.

அப்போது டிராய் எழுந்து நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 1ஆம் தேதி உத்தரவு: செல்போனில் 30 செகண்ட், லேண்ட்லைனில் 60 செகண்ட் பெல் அடிக்க வேண்டும். கூலியைப் பூஜ்யமாக்கும் நாளையும் ஒரு வருடம் தள்ளி 2021 ஜனவரி 1 ஆக்கினார்கள். பெரிய கம்பெனி கேட்டதற்கு நேர்மாறான முடிவு. அதற்கு முன்பு 2016 பிப்ரவரியிலும் இப்படித்தான். சில வெப்சைட்டை மட்டும் இலவசமாகத் தருகிறேன் என்று பேஸ்புக் கொண்டுவந்த ஏற்பாட்டை, அதற்கான ஊர்கொண்ட விளம்பரத்தையும் பொருட்படுத்தாமல் டிராய் தடுத்தது. லட்சக்கணக்கான சாதாரண ஆட்கள் ஆணையத்துக்கு எழுதிய காலம் அது. ஆக அம்பயருக்குக் கண் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. சில பந்துக்கு மட்டும் கை உயர்வதும் சில பந்துக்கு உயராததும் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

கடையின் சுவரில் ஆணி அடித்த இடங்கள் இப்போதும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கம்பெனியின் பலகை தொங்கியது. கேரளத்துக்கு ஒரு வரிசை, தமிழ்நாட்டுக்கு ஒரு வரிசை. எல்லைக் கடை என்றால் இரண்டு வட்டத்து சிம்மும் வேண்டும். தமிழ்நாட்டு வரிசையில் தலைவாசல் மாதிரி நின்றது ஏர்செல். 2018 பிப்ரவரியில் அதன் டவர்கள் ஒவ்வொன்றாக ஊமையாகி, கம்பெனி திவாலுக்கு விண்ணப்பித்தது. களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் போர்ட் கோடு வாங்க முடியாமல் என் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு வங்கி ஓ.டி.பி. வரும் நம்பர் அது. இன்னொருவருக்கு வளைகுடாவில் இருக்கிற மகன் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே நம்பர். ஏர்செலுக்குக் கடனும் வழக்கும் வேறு இருந்தன. விலைப்போர் மட்டும் அதைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். வோடபோனும் ஐடியாவும் அந்த வருடமே ஒன்றாகின. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி குறித்துத் தீர்ப்புச் சொன்னபிறகு, அந்தக் கம்பெனி நிமிரவே இல்லை. பாக்கியை அரசு பங்காக மாற்றிக்கொண்டதில், 2025இல் அதில் 49 சதவீதம் அரசுடையது ஆனது. பி.எஸ்.என்.எல். ஏற்கெனவே அரசுடையது. அலைக்கற்றையை விற்பது அரசு, லைசென்ஸ் கட்டணம் வாங்குவது அரசு, அம்பயரை நியமிப்பது அரசு. 1997இல் எதற்காகத் தனி ஆணையம் வைத்தார்களோ அந்த இடத்துக்கே சுற்றி வந்துவிட்டோம்.

பத்துக்கு மேல் இருந்த கம்பெனிகள் இன்று நான்கு. அதிலும் முதல் இரண்டு, ஜியோவும் ஏர்டெலும், செல்போன் வாடிக்கையாளரில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கையில் வைத்திருக்கின்றன. ஜியோவிடம் மட்டும் பத்தில் நான்கு பேர். இந்த நிலையில் 2024 ஜூலை விலையேற்றம் வந்தது. ஜியோ முதலில் அறிவித்தது, மறுநாளே மற்ற இருவரும் அறிவித்தார்கள். ஜியோவின் 28 நாள் அடிப்படை பேக் 155 ரூபாயிலிருந்து 189. நாள்தோறும் ஒன்றரை ஜி.பி. தருவது 239இலிருந்து 299. அந்த மாதம் ஒன்றில் மட்டும் 29 லட்சம் பேர் பி.எஸ்.என்.எல். பக்கம் போனார்கள் என்பது டிராயின் சொந்தக் கணக்கு.

டிராய் என்ன செய்தது என்றால், ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியதும் இல்லை என்பது அதன் கொள்கை. கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம், வைத்தபிறகு ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால் போதும். போட்டி இருக்கும்வரை போட்டியே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது இதற்குப் பின்னால் உள்ள எண்ணம். பத்துப் பலகை தொங்கிய காலத்தில் இது சரி. வெறும் ஆணிகள் மிஞ்சிய சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே சொல்வது சரியில்லை.

கேட்க நினைத்தபோதும் கை கட்டப்பட்டதுண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் ஒரு காலுக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று ரூபாய் வரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று டிராய் விதி போட்டது. 2016 ஜனவரி 1 முதல் அமல். எங்கள் எல்லையில் அது நடந்திருந்தால் பாதிப் பேருக்கு ரீசார்ஜே தேவைப்பட்டிருக்காது. அதே வருடம் மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சட்டம் தந்த அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, நியாயமான அடிப்படை இல்லாதது என்றது தீர்ப்பு. சரி, சட்டம் தரவில்லை என்றால் சட்டத்தைத் திருத்தலாமே? டிராய் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தத்தான் செய்தது, ஆனால் வேறு காரியங்களுக்கு.

2006 முதல் 2009 வரை டிராய் தலைவராக இருந்தவர் நிருபேந்திர மிஸ்ரா. டிராயில் தலைவராகவோ உறுப்பினராகவோ இருந்தவர் அதன்பிறகு மத்திய, மாநில அரசுகளில் எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. 2014 மே 26 அன்று புதிய அரசு பதவியேற்றது. 28ஆம் தேதி அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தடையை நீக்கினார்கள். மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலர் ஆனார். ஜூலையில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. இப்போது சட்டம் இவ்வளவுதான்: இரண்டு வருடம் பொறுத்தால் போதும், அரசு அனுமதித்தால் அதுவும் வேண்டாம். தொலைத்தொடர்புக் கம்பெனியில் சேர்வதற்கும் அதே விதிதான். மிஸ்ராவின் திறமையையோ நேர்மையையோ நான் சந்தேகிக்கவில்லை. அந்தத் தடை அவருக்காக வைத்ததும் இல்லை. தீர்ப்புச் சொல்கிறவன் அடுத்த வேலையை யாரிடமும் எதிர்பார்க்காமல் உட்கார வேண்டும் என்று வைத்தது. 2023 டிசம்பரில் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமோ, 30 வருட அனுபவமுள்ள தனியார் துறை ஆளும் தலைவராகலாம் என்று இன்னொரு கதவையும் திறந்துவிட்டது. விஷயம் தெரிந்தவர் வரட்டும், நல்லது. எந்தக் கதவு வழியாக வந்தாரோ அதே வழியாகத் திரும்பிப் போகலாம் என்பதுதான் உறுத்துகிறது.

இது நம் வீட்டுக் கோளாறு மட்டும் இல்லை. இலங்கையில் ஜனாதிபதியின் செயலராக இருந்த லலித் வீரதுங்கவே அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் தலைவராகவும் இருந்தார். 2015 தேர்தல் நேரத்தில் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாயை, பௌத்தர்கள் விரத நாளில் உடுக்கும் ‘சில்’ துணி வாங்கி விநியோகிக்கத் திருப்பியதாக வழக்கு. 2017இல் கொழும்பு உயர் நீதிமன்றம் அவருக்கும் பணிப்பாளர் நாயகம் அனுஷ பெல்பிட்டவுக்கும் தண்டனை கொடுத்தது. 2020இல் மேல்முறையீட்டில் இருவரும் விடுதலை ஆனார்கள். குற்றம் உண்டோ இல்லையோ, ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காரலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மெக்சிகோவில் கார்லோஸ் ஸ்லிம்மின் கம்பெனிகள் செல்போனில் பத்துக்கு ஏழு பங்கைப் பிடித்து வைத்திருந்தன. 2013இல் அரசியல் சட்டத்தையே திருத்திச் சுதந்திரமான ஓர் ஆணையம் வைத்தார்கள். மறுவருடமே அது ஸ்லிம்மின் கம்பெனியை ஆதிக்கம் உள்ள கம்பெனி என்று அறிவித்துக் கடிவாளம் போட்டது. 2015 ஜனவரி முதல் நாட்டுக்குள் எஸ்.டி.டி. கட்டணமே இல்லாமல் போனது. 2024 டிசம்பரில் மறுபடி அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த ஆணையத்தையே கலைக்க முடிவு செய்தார்கள்.

அம்மாவின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அவளுடையது பட்டன் போன். டேட்டா என்றால் என்ன என்றே தெரியாது, ஆனால் மாதாமாதம் டேட்டாவுக்கும் சேர்த்துப் பைசா கட்டினாள். என் கடைக்கு வருகிற வயசாளிகளில் பாதிப் பேர் அப்படித்தான். 2024 ஜூலையில் இதைப் பற்றி டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அக்கா மகனை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடிக்கவைத்து ஒரு பக்கம் அனுப்பினேன். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டும் தனி பேக் வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. அதை யாராவது வாசித்தார்களா என்று தெரியாது. நாடெங்கும் பலரும் கேட்ட விஷயம்தான். டிசம்பர் 23ஆம் தேதி விதி வந்தது. 2025 ஜனவரியில் பேக்குகளும் வந்தன. 84 நாளுக்கு ஜியோவில் 458 ரூபாய், ஏர்டெலில் 499. டேட்டாவை உருவிவிட்டு விலையை மட்டும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்களே என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். இந்த விலைகளைப் பரிசீலிப்போம் என்று டிராய் ஒரு வார்த்தைதான் சொன்னது. சில நாட்களில் 448, 469 என்று இறங்கியது.

பத்து ரூபாய், முப்பது ரூபாய்தான். ஆனால் டெல்லியில் இருக்கிற ஆள் தொண்டையைச் செருமினாலே விலை இறங்கும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். 2024 ஜூலையில் அந்தச் செருமல்கூடக் கேட்கவில்லை.

தொழிலுறப்பு அம்மச்சி இப்போதும் வருகிறாள். அந்தாளுக்க நம்பர் கிடைச்சுதா என்று இப்போதும் கேட்கிறாள். நம்பர் இல்லை, விலாசம் உண்டு. டிராய் அடுத்த கலந்தாய்வு அறிக்கையை வெளியிடும்போது கடை வாசலில் எழுதிப் போடுவேன். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பாறசாலையோ பளுகலோ, எந்தப்பக்கத்து ஆளானாலும் வாருங்கள். உங்கள் கருத்தை எழுதித் தர நான் பைசா வாங்கமாட்டேன். போட்டோஸ்டாட்டுக்கு மட்டும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.